பவுலுப்பாரும் பத்துப் பொய்யும்

ஒரு பொய் சொன்னால் மறதி என்று விட்டுவிடலாம் அக்கா. இரண்டு சொன்னால் குசும்பு. பத்துப் பொய்யை ஒரே காலையில், வெயிலில் நடந்து வந்த பெண்ணை உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டுச் சொன்னால் அதற்கு என்ன பேர்? அந்த மகானைப் பார்க்கத்தான் இந்த பஸ்ஸில் போகிறேன்.

சட்டியை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்க, எனக்கு இடிக்கவில்லை. நீங்க எங்கே இறங்கணும்? வேம்பன்துறையா? நானும் அங்கேதான், கடைசி ஸ்டாப். அப்படியென்றால் உங்களுக்கு ததேயு அண்ணனைத் தெரிந்திருக்குமே. சர்ச்சுக்குப் பின்னால் வீடு, சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறார், மனைவி பேர் ரோசிலி. தெரியாதா? சரி, இருக்கலாம். முந்நூறு வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கணும் என்று சட்டமா என்ன? தெரியாதது நல்லதுதான். தைரியமாகப் பேசலாம்.

நான் சங்கமித்ரா. திருச்சிப் பெண். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்கிறேன், இது நாலாவது வருஷம். தலைப்பு, 'தென்கடற்கரை மாலுமிகளின் திசையறி மரபு'. வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் பத்துப் பாருக்குச் சரியான கணியம் கொண்டுபோய் கமிட்டி முன்னால் வைக்கணும். வைக்காவிட்டால் என் மூன்றாம் அத்தியாயம் போச்சு. அது போனால் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான். நன்றியுரைக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிற அளவுக்கு நாடு இன்னும் முன்னேறவில்லை.

கணியம் என்றால் என்னவென்று சொல்கிறேன். பெண்களிடம் இதையெல்லாம் உங்க வீட்டு ஆண்கள் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். கடலுக்கு அடியில் பார் கிடக்கிறது, பாறைத்திட்டு. மீன் அதில்தான் அடையும். ஆனால் மேலே இருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். பிறகு எப்படி அதே இடத்துக்குப் போய் நிற்பது? கரையைத் திரும்பிப் பார்க்கணும். இந்த மலையின் உச்சி அந்தக் கோபுரத்துக்கு நேராக வருகிறதா, அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் அந்தப் பனங்கூட்டம் இந்தக் குன்றின் பள்ளத்தில் விழுகிறதா, அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலையைப் போடு. அவ்வளவுதான் கணியம். கருவி இல்லை, வரைபடம் இல்லை, கண்ணும் கரையும் போதும். இதை ஒரு வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருந்தால் அவனுக்குச் சிலை வைத்திருப்பார்கள். அந்தச் சிலையில் காக்கா எச்சத்தை நாம் துடைத்துக்கொண்டிருப்போம்.

இந்தக் கோபத்தில்தான் நான் ஆய்வுக்கே வந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து கோழிக்கோட்டுக்கு வாஸ்கோடகாமாவைக் கூட்டிவந்தது யார்? அவன் கப்பலில் ஏறி, காற்றும் நட்சத்திரமும் பார்த்து வழி காட்டிய ஒரு மாலுமி. அந்த மாலுமியின் பேர் என்ன? இன்றுவரை சண்டை. குஜராத்தி என்கிறார்கள், அரபி என்கிறார்கள். வழி கேட்டவனுக்குப் பாடப்புத்தகத்தில் படத்தோடு ஒரு பக்கம். வழி சொன்னவனுக்கு அடிக்குறிப்பில்கூட உருப்படியாக ஒரு பேர் இல்லை. என் ஆய்வில் இந்த அநியாயம் நடக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். எனக்கு வழி சொன்னவர் பேரைத் தடித்த எழுத்தில் போடுவேன், போட்டோவோடு.

என்ன கேக்குறீங்க? வழி காட்டின பிறகு அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன ஆச்சா? அதுதான் எல்லோருக்கும் தெரியுமே. வந்தான், பார்த்தான், அடுத்த தடவை பீரங்கியோடு வந்தான். அது வேறு அத்தியாயம் அக்கா. நான் பேசுவது பேர் விஷயம்.

ததேயு அண்ணன் கதைக்கு வருகிறேன். என் வழிகாட்டி பொன்னுரங்கம் சார் 'நரைத்த தாடியோடு ஒருத்தரைப் பிடிம்மா, போட்டோ நன்றாக வரும்' என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கிடைத்தது இவர். நாற்பத்தைந்து வயது, முட்டிவரைக்கும் கால்சட்டை, கையில் போன், போனில் கிரிக்கெட். வள்ளத்தில் ஜிபிஎஸ் உண்டு. ஜிபிஎஸ்ஸுக்குப் பாஸ்வேர்டு உண்டு. அந்தப் பாஸ்வேர்டு கூடத் தொழிலுக்குப் போகிற மச்சானுக்கே தெரியாது.

"கணியமா? அதெல்லாம் பண்டு பிள்ளே. இப்பம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயாக்கும்" என்றார்.

"அப்போ பெட்டியைக் காட்டுங்க அண்ணே."

"பெட்டி கேடாயிருக்கு."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது அக்கா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுவேனா? மூன்று நாள் வாதாடினேன். கல்லூரியில் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவள் நான். முதல் நாள் மரபு பற்றிப் பேசினேன், கொட்டாவி விட்டார். இரண்டாம் நாள் அறிவுச் சுரண்டல் பற்றிப் பேசினேன், வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பிரிட்டிஷ்காரன் காலத்துக் கடல் வரைபடம் ஒன்றின் நகலைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். "இதோ உங்க ஊர்க் கடல். சுற்றிலும் ஆழம் போட்டிருக்கிறான். இந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். உங்க கடலில் ஒன்றுமே இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நீங்களும் வாயை மூடிக்கொண்டு அதை ஒத்துக்கொள்கிறீங்க" என்றேன்.

அதுதான் சுருக்கென்று பட்டது. ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் இல்லியா? இது எங்க பாட்டன் பவுலு கண்ட பாராக்கும். பவுலுப்பாரு. எங்க வள்ளத்தத் தவிர வேற ஒருத்தனுக்கும் தெரியாது."

"அப்படியா? வெள்ளைத் தாள்தானே தெரிகிறது" என்றேன்.

என்னைக் கடலோரம் கூட்டிப்போனார். முன்னே பின்னே ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். கரையில் நின்று கணியத்தை வாயால் சொல்லப்படாதாம். கடலில் வைத்துத்தான், அதுவும் கையைக் காட்டித்தான், அப்பன் மகனுக்குக் காட்டித் தருவானாம். அவ்வளவு பீடிகைக்கும் பிறகு சொன்னது இரண்டே வரி. நான் எழுதிக்கொண்டேன். "புக்குல எழுதிக்க. ஊரறிய வேண்டாம் பிள்ளே" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அடக்கம் பாருங்க. வாய்மொழிச் சமூகங்களுக்குத் தங்கள் அறிவின் மதிப்பு தங்களுக்கே தெரிவதில்லை, அதை இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். ரோசிலி அக்காதான் கொஞ்சம் பொறாமைப்பட்டார். "இருவது வருசமா இந்த மனுசனுக்குச் சோறு பொங்கிப் போடுதேன். எனக்குச் சொன்னதில்ல. முந்தாநேத்து வந்த காலேஜ் பிள்ளைக்கிட்ட வாயத் தொறந்திருக்கு" என்றார். அதுவும் நியாயம்தான். பெண்களை ஒதுக்கிவைத்த அறிவு மரபு. அதற்கும் ஒரு பத்தி எழுதினேன்.

அவர் வேண்டாம் என்றால் நான் விடலாமா? அவருக்கே தெரியாத பெருமையை நான்தானே அவருக்கு வாங்கிக் கொடுக்கணும். ஒரு இணைய இதழில் கட்டுரை எழுதினேன். 'வெள்ளைத் தாளில் ஒரு பார்' என்று தலைப்பு. அவர் போட்டோ, பேர் தடித்த எழுத்தில், கணியம் வரி மாறாமல், பக்கத்திலேயே நானே வரைந்த வரைபடம். எவ்வளவு பேர் படித்தார்கள் தெரியுமா? நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். வரலாற்றுத் துறையில் எங்கள் கட்டுரையை எழுதியவரும் திருத்தியவரும் படித்தாலே பெரிய விஷயம். வாட்ஸப்பில் பக்கத்துத் துறைகளின் குரூப்பிலெல்லாம் போனது. விசைப்படகு முதலாளிகளின் குரூப்பில்கூடப் போட்டார்களாம், கேரளாவிலிருந்து ஒருத்தர் போன் பண்ணி "மேடம், அந்த இரண்டாவது கோட்டை மட்டும் இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க" என்று கேட்டார். எவ்வளவு ஆர்வம். பொறுமையாக விளக்கினேன்.

ஏன் அக்கா உச்சுக் கொட்டுறீங்க? கண் வைத்துவிடாதீங்க.

மூன்று வாரம் கழித்துக் கட்டுரையை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு வேம்பன்துறைக்கு வந்தேன். காலை பத்து மணி. வள்ளமெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கிறது. ஆம்பளைகள் நிழலில் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள். வேலை நாளில். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. 'இளைய தலைமுறையிடம் தொழில் ஆர்வம் குறைந்துவருகிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் சீட்டாட்டம் அப்படியே நின்றது. ஒருத்தர் எழுந்து நின்றார். ஒருத்தர் துப்பினார், வெற்றிலை போட்டிருப்பார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. புகழ் வந்தால் இதெல்லாம் உண்டு.

ததேயு அண்ணன் லேமினேஷனை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"இதுல எனக்க படமும் இருக்கே" என்றார்.

"உங்க பேர் தடித்த எழுத்தில் இருக்கு பாருங்க அண்ணே."

"கண்டேன் பிள்ளே. எல்லாரும் கண்டாச்சு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மனிதரிடம் வந்த மாற்றம் இருக்கிறதே, அதை ஆய்வேட்டில் எழுதவே முடியாது. மூன்று நாள் வாதாடியும் வாயைத் திறக்காதவர், தானாகவே நாற்காலியை எடுத்துப் போட்டார். "இரி. இன்னும் பாரு உண்டு. பத்து உண்டு. நோட்ட எடு" என்றார். நான் கேட்கவே இல்லை அக்கா. ஒரு அங்கீகாரம் மனிதனை எப்படித் திறந்துவிடுகிறது பாருங்க. ரோசிலி அக்கா டீ கொண்டுவந்தார், சீனி தூக்கலாக. கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, தொப்பிமலைக்கு நேரே மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு பக்கம் சர்ச் கோபுரத்துக்கு நேரே பனங்கூட்டம். இப்படியே பத்து. ஒரு தயக்கம் இல்லை, ஒரு யோசனை இல்லை.

அப்புறம் நான் ஒன்று கேட்டேன். "என்னை ஒருநாள் வள்ளத்தில் கூட்டிப்போய் இதையெல்லாம் நேரில் காட்டுங்க அண்ணே." பெண்ணை ஏற்ற மாட்டோம் என்பார், பிடித்துக்கொள்ளலாம் என்று நாற்பது நிமிஷத்துக்கு வாதம் தயாராக வைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "உன்னைய ஏத்தலாம் பிள்ளே. உனக்க போனத்தான் ஏத்த முடியாது" என்றார். உப்புத்தண்ணீர் பட்டால் போன் கெட்டுப்போகும் என்று அந்தக் கரிசனம். சரி, நமக்காகத்தானே சொல்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் விளக்கிப் பேசணும். சென்னையிலிருந்து ஒரு கடலியல்காரர் வந்திருந்தார். பொன்னுரங்கம் சார்தான் கூப்பிட்டார், நம்ம ஆய்வுக்கு அறிவியல் முத்திரை குத்தட்டும் என்று. அந்த மனிதர் கம்ப்யூட்டரில் கடலடி வரைபடத்தை வைத்துக்கொண்டு, என் கணியத்தையெல்லாம் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

முதலில் பவுலுப்பாரைத் திரையில் போட்டார். கோடும் கோடும் வெட்டிய இடம், பாருக்கு நடு உச்சி. முப்பது மீட்டர்கூடத் தள்ளவில்லை. "கருவியே இல்லாமல் இவ்வளவு துல்லியம்" என்றார். ஹாலே கைதட்டியது. நான் பொன்னுரங்கம் சாரைப் பார்த்தேன், அவர் ஏதோ தானே கடலில் குதித்துக் கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டினார்.

அடுத்து அந்தப் பத்து. முதலாவது. திரையில் கடலே இல்லை அக்கா. வாழைத்தோட்டம். கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. இரண்டாவது, கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துச் சந்து. மூன்றாவது, இந்த பஸ் போய்த் திரும்புகிறதே, அந்த ஸ்டாண்ட். நாலாவதுக்குப் போட்ட இரண்டு கோடும் வெட்டவே இல்லை, ரயில் தண்டவாளம் மாதிரிப் பக்கத்துப் பக்கத்திலேயே போகிறது. "கொஞ்சம் சாய்வு இருக்கிறது, மடகாஸ்கர் பக்கத்தில் எங்கேயாவது சந்திக்கும்" என்றார் அந்தப் புண்ணியவான். ஹாலில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சார் தான் என் வழிகாட்டியே இல்லை என்பது போல ஜன்னலைப் பார்த்தார்.

இதில் எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? முதல் கணியம் சரி. அப்படியென்றால் அவருக்கு உண்மை சொல்லத் தெரியும். ஒரு கணியம் முப்பது மீட்டருக்குள் சொல்லத் தெரிந்த மனிதர், கட்டுரை வந்து, பேர் வந்து, புகழ் வந்த பிறகு மற்ற பத்தையும் ஏன் பொய்யாகச் சொல்லணும்? இடையில் என்ன நடந்தது? நான் எல்லாக் கோணத்திலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். புகழ் தலைக்கேறிவிட்டது, வேறு காரணமே இல்லை.

நீங்க ஏன் ஜன்னலைப் பார்க்கிறீங்க? அலுப்பாக இருக்கிறதா? காலையிலேயே போய்விட்டு வருகிறீங்க போல. மீனெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதா? ஓ, அடுத்த ஹார்பரில் போய் மீன் எடுத்து, டவுனில் விற்றுவிட்டு வருகிறீங்களா. எதற்கு அக்கா இந்த அலைச்சல்? உங்க வாசலிலேயே கடல் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு பஸ் ஏறி இன்னொருத்தர் கடலுக்குப் போய் மீன் வாங்குவானேன்? இப்படித்தான் உள்ளூர்ப் பொருளாதாரம் வீணாகிறது. எப்போதிலிருந்து இப்படிப் போறீங்க? தை கடைசியிலிருந்தா? என் கட்டுரை வந்ததும் தை மாசம்தான். நல்ல மாசம்.

என்னது? பவுலுப்பாரில் இப்போ மீன் கிடக்கிறதான்னா?

அதை நான் கேட்கவில்லையே. அது என் தலைப்பில் வராது அக்கா, மீன்வளத்துறை ஆட்கள் பார்க்கவேண்டியது. நான் வரலாறு.

இப்போது நேராக அவரிடம் போய், பத்தையும் ஒழுங்காகச் சொல்லுங்க, இல்லையென்றால் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்று கேட்கப் போகிறேன். கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்திருக்கிறேன். பின்சீட்டு அக்கா என்ன சொல்றாங்க? அவர் ஊரில் இல்லையா? எப்போது வருவார்? வரவே மாட்டாரா? அந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வேறு துறைக்கு இன்னொருத்தர் வள்ளத்தில் வேலைக்குப் போய்விட்டாரா? அவர் வள்ளம் என்ன ஆயிற்று? சரி, அது அவர் பாடு. என் திங்கட்கிழமை என்ன ஆவது அக்கா? மூன்று வருஷ உழைப்பு. அம்மாவிடம் என்ன சொல்வேன்?

அழவில்லை. கண்ணில் காற்று.

என்ன? நீங்க சொல்றீங்களா? நீங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும், பெண்களைக் கடலுக்கு ஏற்றுவதில்லையே. ஓ, கரையில் நின்று வள்ளம் போகிற திசையைப் பார்த்துப் பார்த்தே. அட, இது எனக்குத் தோன்றவே இல்லையே. ஆண்களிடமே கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். இருங்க, இருங்க, நோட்டை எடுத்துக்கொள்கிறேன். பின்சீட்டு அக்கா, நீங்களும் வாங்க முன்னால். அந்தப் பக்கம் பூ வைத்திருக்கிற அக்கா, நீங்களும்.

ஒன்று. சம்மந்திப்பார். தொப்பிமலைக்கு நேரே கல்யாண மண்டபத்து மாடி. அவ்வளவு தூரத்தில் மண்டபம் தெரியுமா அக்கா? கல்யாணம் நடக்கும்போது லைட் போடுவார்களா. சரிதான். இரண்டு. நாத்தூன்பார். நாத்தூன் என்றால் நாத்தனார்தானே? பாருக்கெல்லாம் உறவுமுறையில் பேர். தாய்வழிச் சமூகத்தின் எச்சம் இது, அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன். மூன்று, மருமகப்பார். ஓட்டு பாக்டரிப் புகைக்கூண்டுக்கு நேரே நாவல் மரம். புகைக்கூண்டைப் போன வருஷமே இடித்துவிட்டார்களே? ஓ, அது நின்ற இடத்தை நினைத்துக்கொண்டு பார்க்கணுமா. அற்புதம். நினைவிலேயே கோடு போடுகிறீங்க. மெதுவாகச் சொல்லுங்க அக்கா, ஒவ்வொருத்தராக. கண்டக்டர் சாருக்கு என்ன, விசிலை வாயில் வைத்துக்கொண்டு அப்படிக் குலுங்குகிறார்? இருமலா? யாராவது தண்ணீர் கொடுங்க.

எட்டு. ஒன்பது. பத்து. சக்களத்திப்பார், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு நேரே தென்னை, கொடி ஏற்றுகிற நாளில் மட்டும். எழுதியாச்சு.

அந்த ததேயு அண்ணனுக்கு இருக்கிற திமிருக்கு முன்னால் உங்களுக்கெல்லாம் எவ்வளவு நல்ல மனசு. பவுலுப்பார் ஒன்றைச் சொல்ல அவர் மூன்று நாள் எடுத்தார், நீங்க பத்தையும் நாலு ஸ்டாப்புக்குள் சொல்லிவிட்டீங்க. அத்தியாயத்தின் தலைப்பையே மாற்றப் போகிறேன், 'கரையில் நின்ற மாலுமிகள்'.

வந்துவிட்டதா வேம்பன்துறை? நான் இறங்கவேண்டிய வேலையே இல்லை, இதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். பார்த்து இறங்குங்க அக்கா, சட்டி தட்டுகிறது. சிரித்து முடித்துவிட்டு இறங்குங்க, விழுந்துவிடப் போறீங்க.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கடலியல்காரர் இந்தப் பத்தையும் திரையில் போடட்டும். போன தடவை சிரித்த ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் முன்வரிசையில் நின்று பார்க்கப் போகிறேன்.